சரசா என்று எழுதிய நாற்காலிகள்

“கை வெச்ச சேரு பொண்ணு மாப்பிளைக்கி. நீ இன்னா, மணவறைல குந்தப் போறியா?”

சுப்பராயன் என்னைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்டார். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து பாதி ஆயுசு ஆகிறது. கூடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பல் இருக்கிறவர்கள் பல்லோடு, இல்லாதவர்கள் இல்லாமல்.

“குந்தறதுக்கு கை எதுக்கு? ஏந்திரிக்கத்தான் வோணும்,” என்றேன். “உன் சேர்ல குந்திட்டு எத்தப் புடிச்சினு ஏந்திரிக்கறது? உன் தலையவா?”

“என் தலைல புடிக்க இன்னா கீது?” என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார். “கோமளா, நான் ஆயுசு பூரா சேர் போட்டவன். கை இல்லாத சேரு கூரை வரிக்கும் அடுங்கும். கை வெச்சது எடத்த அடைக்கும். தூக்கினு போறவன் இடுப்பு ஒடிஞ்சிடும்.”

“யாருய்யா தூக்கினு போறது? நாங்க எங்க போகப் போறோம்?”

அவர் சகாயமேரியைப் பார்த்தார். அவள், “ரெண்டு பேரும் கஞ்சியக் குடிங்க, ஆறுது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து சகாயமேரி நடத்துகிற இடம் இது. அவள் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். இடுப்பு ஒடிந்தவர்கள், கை கால் இழுத்துக்கொண்டவர்கள், என்னைப் போல எதுவும் ஒடியாமல் ஆனால் போக்கிடம் இல்லாதவர்கள், எல்லாரையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். வாசல் பலகையில் நர்சிங் ஹோம் என்று எழுதியிருக்கிறதாம். தெருவில் ‘கெயவனுங்க ஊடு’ என்றுதான் சொல்லுகிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் தெரு சொல்லுவதுதான் எனக்கும் கணக்கு.

எங்களோடு இருந்த ஒரு அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் மகன் ஜேசுராஜ், பூந்தமல்லிக்காரர், நல்ல மனுஷன். அம்மா நினைவாகக் கூடத்துக்கு வேண்டிய நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் வாங்கித் தருகிறேன், எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கூடத்தில் அப்போது இருந்தது ஒரு பள்ளிக்கூட பெஞ்சு, கம்பி வைத்துக் கட்டிய ரெண்டு நாற்காலி, யாரோ காலி பண்ணிவிட்டுப் போகும்போது விட்டுப்போன ஒரு சோபா. அந்த சோபாவில் உட்கார்ந்தால் கிணற்றில் விழுந்த மாதிரி. இழுத்துத் தூக்க ரெண்டு பேர் வேண்டும்.

சகாயமேரி அந்தப் பொறுப்பை சுப்பராயனிடம் கொடுத்துவிட்டாள். நாற்காலி விஷயத்தில் அவரை விட்டு யாரைக் கேட்பது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஒருத்திதான் ஆட்டவில்லை.

மண்ணூர்பேட்டையில் அவர் பந்தல் கடை வைத்திருந்தவர். சாமியானா, நாற்காலி, பாத்திரம், லைட்டு எல்லாம் வாடகைக்கு. சின்ன வயதில் கல்யாண ஊர்வலத்துக்கு பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கிக்கொண்டு நடந்தவர், கல்யாணம் ஆன வருஷமே சொந்தக் கடை போட்டார். எல்லாரும் கடைக்கு சாமி பேர் வைப்பார்கள். இவர் பெண்டாட்டி பேரை வைத்தார். சரசா பந்தல். வாடகைக்குப் போகிற நாற்காலி மாறிப்போகாமல் இருக்க முதுகில் கடை பேரை பெயிண்டில் எழுதுவார்கள் இல்லையா, அவர் கடை நாற்காலி ஒவ்வொன்றிலும் மஞ்சள் எழுத்தில் சரசா, சரசா, சரசா. “அம்பத்தூர்ல பாதி ஜனம் என் பொண்டாட்டி மேல சாஞ்சுகினுதான் மொய் எழுதுச்சு,” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் நான் டீயும் வடையும் விற்ற காலத்தில் அந்தக் கடையைப் பார்த்திருக்கிறேன். முன்னால் இவர் வெள்ளைச் சட்டையில் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். பின்னால் குழாயடியில் ஒரு ஒல்லிப் பொம்பளை, தன்னைவிடப் பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருப்பாள். கல்யாண வீட்டு சாம்பார் ஒட்டின அண்டா. அதுதான் சரசா. இப்போது அந்த முட்டி ரெண்டும் போய்விட்டது.

வயதானதும் கடையை, கடையிலேயே வேலை பழகி வளர்ந்த அழகேசனிடம் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வேப்பம்பட்டில் மகன் ஜெகதீஷின் பிளாட்டுக்குப் போனார்கள். மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் வேலை, பேரன் கிரண் பள்ளிக்கூடம். அங்கே பாத்ரூமில் வழுக்கி சுப்பராயன் இடுப்பு ஒடிந்தது. ஆபரேஷன் முடிந்து, தூக்கிப் படுக்கவைக்க ஆள் வேண்டுமே என்று இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மூன்றே மாதம்ப்பா என்றான் மகன். மூன்று மாதம் எப்போதோ முடிந்துபோனது. அவர் இப்போது வாக்கர் பிடித்து நன்றாகவே நடக்கிறார். யாரும் கூப்பிட வரவில்லை.

சரசா அங்கேயே இருந்துவிட்டாள். பெற்றவர்களை இப்படிப் பிரித்துக்கொள்ளுவது புதிதில்லை. அம்மா சமைப்பாள், பேரனைப் பார்ப்பாள், அதனால் அம்மாவுக்கு எந்த வீட்டிலும் இடம் உண்டு. அப்பா பேப்பர் பார்ப்பார்.

சாயங்காலமானால் சரசா போன் பண்ணுவாள். அவளுக்குக் கை ஒழியாது, அதனால் ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுவாள். இவருக்குக் காது மந்தம், இவரும் ஸ்பீக்கரில் வைப்பார். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்.

“சாப்ட்டியா?”

“ம்.”

“மாத்தர?”

“ம். நீ?”

அதற்குள் அங்கே தாளிக்கிற சத்தம் வந்துவிடும். அப்புறம் பேச்சு இருக்காது. குக்கர் சத்தம் போடும், குழாய் ஓடும், பாத்திரம் உருளும். இவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். “இப்ப பூரி போடறா,” என்பார் எங்களைப் பார்த்து. எங்களுக்கு வருகிற போன் அவ்வளவுகூட இல்லை என்பதால் நாங்களும் கேட்டுக்கொண்டிருப்போம்.

கூடத்தை ஒட்டி மூலையில் ஒரு அறை. ரெண்டு கட்டில், ஜன்னல், தனி பாத்ரூம். சகாயமேரி அதில் யாரையும் போடாமல் வைத்திருந்தாள். “சரசாக்கா வர்றதா இருந்தா அது உங்க ரெண்டு பேருக்கும். ஆனா ரொம்ப நாளு சும்மா வெச்சிருக்க முடியாது அய்யா, கேட்டுகினே கீறாங்க,” என்று சொல்லியிருந்தாள். சுப்பராயனுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த அறைக்கு சரசா வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் வாக்கரோடு போய் அதன் கதவைத் திறந்து வைப்பார், ராத்திரி போய்ச் சாத்துவார்.

நாற்காலி விஷயம் கையில் வந்ததும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. “இந்த ஓட்ட சேரெல்லாம் பாத்தா எவ வருவா? கூடத்த கல்யாண மண்டபம் மாரி பண்ணிட்டு அவள வரச் சொல்லிக் காட்டறேன்,” என்றார். மகனிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்.

அதோடு அழகேசனுக்கும் போன் போட்டார். அழகேசன் அப்போது தன் பேர் எழுதிய புது நாற்காலிக்கு மாறிக்கொண்டிருந்தான். பழைய சரசா நாற்காலியெல்லாம் குடோனில் தூசி பிடித்துக் கிடந்தது. அதையே கொடு என்றார்.

“பழசாய்யா?” என்று சகாயமேரி தயங்கினாள்.

“பழசு இல்லம்மா. பழகினது. ஜேசுராஜு தம்பி பத்து சேருக்குக் குடுக்கற காசுல நாப்பது சேரு வரும். மிச்சத்துல நீ அலமாரி வாங்கு.”

“நாங்க பத்துப் பேருதான்யா கீறோம். நாப்பது எதுக்கு?” என்றேன் நான்.

“வர்றவங்க குந்த வோணாமா?”

வருகிறவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. “உனுக்கு சேர் வோணாம்யா. அதுல கீற பேர்தான் வோணும்,” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அந்த மணவறைப் பேச்சு. நான் கை வைத்த நாற்காலி கேட்டதைச் சாக்காக வைத்து என்னைக் கிண்டல் பண்ணி, எல்லாரையும் சிரிக்க வைத்து, தான் நினைத்ததை முடித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே அழகேசன் வண்டி வந்துவிட்டது. எங்கள் கேட் சின்னது. வண்டி உள்ளே வராது. நாற்காலிகளை இறக்கி, கேட்டுக்கு வெளியே தெருவிலேயே அடுக்கினார்கள், ஆள் உயரத்துக்கு நாலைந்து அடுக்கு. ஜேசுராஜ் குடும்பம் வரப்போகிறது, கோயிலிலிருந்து ஃபாதர் வந்து ஜெபம் பண்ணப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அழகேசன் பழைய முதலாளி மேல் உள்ள பிரியத்தில் ஒரு சாமியானாவும் கொண்டுவந்திருந்தான்.

“நம்ம அய்யா ஊட்டு பங்சன், பந்தல் இல்லாமயா?” என்று கேட்டுக்கு முன்னால் கழி நட்டுக் கட்டிவிட்டான்.

சுப்பராயனைப் பார்க்க வேண்டுமே. புதுச் சட்டை, வேட்டி, விபூதி. வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அதிகாரம். “அந்த முடிச்சு இன்னாடா கழுத தும்பு கட்ன மாரி கீது, அவுத்துக் கட்டு.” ஒவ்வொரு நாற்காலியாக முதுகைத் துண்டால் துடைத்தார். பெயிண்ட் உரிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் இங்கே வந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள். தெருமுனையில் இஸ்திரி போடும் ரேவதி பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“எப்ப ஆச்சு?” என்றாள் மெதுவாக.

“இன்னாது?”

“யாரு போனது? கோமளாம்மாவா?”

“நான்தாண்டி நிக்கிறேன். இன்னும் போவல.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒரு ஆள் செருப்பைத் தெருவோரம் கழற்றிவிட்டு வந்தான். இன்னொருவன் கையில் ரோஜா மாலை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விடிந்ததும் விடியாததுமாக ஒரு வீட்டு வாசலில் வாடகை நாற்காலி வந்து இறங்கினால், ஊரில் எவனும் கல்யாணப் பத்திரிகை தேட மாட்டான். அதுவும் கெயவனுங்க வீட்டு வாசலில்.

நான் சுப்பராயனிடம் போனேன். “யோவ், அத்தக் கொஞ்சம் உள்ள எடுத்துப் போடச் சொல்லு. பாக்க சாவு ஊடு மாரியே கீது.”

“சேரப் பாத்தா உனுக்கு சாவுதான் தோணுமா? கல்யாணத்துக்கும் இதே சேருதான் போச்சு.”

“கல்யாணம் பண்ற வயசுல இங்க எவன்யா கீறான்?”

அவர் சிரித்தார். அவர் கண்ணுக்கு அது கல்யாணப் பந்தலாகத்தான் தெரிந்தது. ஆயுசு முழுக்க ரெண்டு வீட்டுக்கும் அதே நாற்காலியை அனுப்பினவர். இது எந்த வீடு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அனுப்புகிறவருக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஜெகதீஷ் காரைத் தெருமுனையிலேயே நிறுத்தினான். முதலில் இறங்கினது சரசா. நான் அவளைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் அந்த ஒல்லி உடம்பு தெரிந்துவிட்டது. பச்சைப் புடவை, தலையில் பூ. கையில் தூக்குச்சட்டி. தெருவைப் பார்த்தாள். சாமியானாவைப் பார்த்தாள். நாற்காலி அடுக்கைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

மகன் காரைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனுக்காக நிற்கவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு வேகமாக நடந்தாள் என்று தெரியவில்லை. வருகிற வழியிலேயே தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டாள். ரேவதி ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு அம்மா, அவளை முன்னே பின்னே பார்த்தறியாதவள், கட்டிக்கொண்டு அழுதாள். சரசா அழவில்லை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு, பந்தலைத் தாண்டி நேரே கூடத்துக்குள் போனாள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள்.

நான் பின்னாலேயே போனேன். “யாரப் பாக்கற?”

“எங்க படுக்க வெச்சிருக்கீங்க?”

  “வெளிய கீறாரும்மா. சேர் அடுக்குக்குப் பின்னால நின்னுகினு அழகேசன திட்டினு கீறாரு,” என்று கையைக் காட்டினேன்.

அவள் திரும்பி வெளியே போனாள். சுப்பராயன் இவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, “வந்துட்டியா? பாத்தியா, எல்லாம் உன் பேரு,” என்றார். அவள் கிட்டே போய் அவர் சட்டை மேல் உள்ளங்கையை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள்.

“உயிரோடதான் கீறியா,” என்றாள்.

“பின்ன?”

பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. ரோஜா மாலைக்காரன் மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நழுவினான். 

“அந்த மொனைலேருந்து இங்க வர்றதுக்குள்ள நான் எல்லாம் முடிச்சிட்டேன்யா,” என்றாள் சரசா. குரலில் கோபம் இல்லை. “அழறதயும் உள்ளயே அழுது முடிச்சிட்டேன். உன்ன இன்னிக்கே எடுத்துருவாங்களா, நாளைக்கா, நாளைக்கின்னா கிரணுக்கு யாரு டிபன் கட்டுவா, அதுவரிக்கும் நெனச்சிட்டேன்.”

சுப்பராயன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சிரிக்க வரவில்லை.

அப்புறம் ஜேசுராஜ் குடும்பம் வந்தது, ஃபாதர் வந்து ஜெபம் பண்ணினார், டீ கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். சரசாவும் எழப் பார்த்தாள். பிடிக்க ஒன்றும் இல்லை. சீட்டின் ஓரத்தில் கையை ஊன்றினாள், நாற்காலி பின்னால் வழுக்கியது. தொடையில் கையை வைத்து முன்னால் ஆடிப் பார்த்தாள், மறுபடியும் ஆடிப் பார்த்தாள். கடைசியில் ஜெகதீஷ் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். சுப்பராயன் பார்த்துக்கொண்டே நின்றார். என்னையும் ஒருதரம் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூலை அறையை அவளுக்குக் காட்டினார். கதவு திறந்தே இருந்தது, என் கட்டில் அதற்கு நேர் எதிரே.

“ஜன்னல் பக்கம் நீ படு,” என்றார். “காத்து வரும்.”

அவள் கட்டிலை அழுத்திப் பார்த்தாள். பாத்ரூமை எட்டிப் பார்த்தாள். “நல்லாத்தான் கீது.”

“அப்ப வா.”

“கிரணு ஸ்கூல் வுட்டு மூணு மணிக்கி வர்றான்.”

“ஆளு வெச்சிக்கட்டும்.”

“வெச்சாங்க. அவ போனப் பாத்துகினு குந்திகினா. புள்ள எளச்சிப்போச்சி.”

“நான் எளச்சது ஒருத்தருக்கும் தெரியல.”

“உனுக்கு இங்க நாலு பேரு கீறாங்க.”

“தூக்கறதுக்கு நாலு பேரு போதும்தான்,” என்றார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நான் வந்தா நீ என்னப் பாத்துகினு இருப்ப, நான் உன்னப் பாத்துகினு இருப்பேன். யாரு மொதல்லனு. எனுக்கு இன்னிக்கிப் பாத்ததே போதும்யா. அங்க நின்னு நின்னு காலு வீங்குது, ஆனா ஒரு புள்ள பசிக்குதுனு வந்து நிக்குது.”

ஜெகதீஷ் வாசற்படியில் போனைப் பார்த்தபடி நின்றான். “அப்பா, அம்மாவ கம்பெல் பண்ணாதீங்கப்பா. கொஞ்ச நாள் போகட்டும்.”

“எத்தினி கொஞ்ச நாளு நைனா?” என்றேன், என் கட்டிலில் இருந்தபடியே.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.  கெட்ட பையன் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் கலங்கின கண்ணோடுதான் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். தூக்குச்சட்டியில் இருந்தது கருணைக்கிழங்கு மசியல். அதை சுப்பராயன் தொடவில்லை. வீணாகப் போகக் கூடாது என்று நான்தான் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

அன்றைக்கு சாயங்காலமும் போன் வந்தது. சாப்ட்டியா, ம், மாத்தர, ம். தாளிக்கிற சத்தம் கேட்டது. சுப்பராயன் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் என்ன சமைக்கிறாள் என்று எங்களிடம் சொல்லவில்லை.

சரசா நாற்காலிகள் எங்களிடம் ரொம்ப நாள் நிற்கவில்லை. பக்கவாதம் வந்த ஒருவர் சாய்ந்து விழுந்தார், நல்லவேளை அடிபடவில்லை. இன்னொரு அம்மா உட்காரும்போதே நாற்காலி நழுவி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் பயந்துகொண்டு பழையபடி பெஞ்சுக்குப் போனார்கள். சகாயமேரி ஒரு நாள் அவர் கட்டிலண்டை வந்து நின்றாள்.

“அய்யா, தப்பா நெனச்சிக்காதீங்க—”

“அனுப்பிடும்மா,” என்றார் அவர். “கோமளா கேட்டத வாங்கு.” அவள் திரும்பும்போது மறுபடி கூப்பிட்டார். “அந்த ரூமுக்கு யாராச்சும் கேட்டாங்கன்னா போட்டுடு.”

சகாயமேரி தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று காலையில் அவர் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அழகேசன் வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தான். வண்டியில் ஏற்றும்போது, “அய்யா, நீங்க ஒண்ணு வெச்சிக்கோங்க,” என்று ஒரு நாற்காலியைத் தனியாக எடுத்து வைத்தான்.

“வோணாம். ஒண்ணு நின்னா செட்டு கொறையும்,” என்று சுப்பராயன் அதையும் ஏற்றச் சொன்னார்.

மண்ணூர்பேட்டையில் ஒரு கடைக்கு ஆட்டோ பிடித்துப் போனோம், சகாயமேரி, நான், அவர். அவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். நீ வராவிட்டால் நான் மணவறை நாற்காலிதான் எடுப்பேன் என்று மிரட்டி அழைத்துப்போனேன். சிரிக்கவில்லை, ஆனால் வந்தார்.

கடையில் நான் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். கடைப் பையன், “பாட்டி, வாங்க வந்தீங்களா, எக்சர்சைஸ் பண்ண வந்தீங்களா?” என்றான்.

“உன் கடை சேரு என்ன தூக்கி வுடுதானு பாக்கறேன்டா. நீயா வந்து தூக்குவ?”

சகாயமேரி தன் பங்குக்குக் கேட்டாள், “மூத்திரம் போனா தொடச்சா போயிடுமா, இல்ல ஊறுமா?” பையனுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஊறாது, ரெக்சின் என்றான். காலைத் தரையில் ஊன்றினால் முட்டி மேலே தூக்காத உயரத்தில், ரெண்டு பக்கமும் கெட்டியான மரக் கை வைத்தது, பின்னால் தள்ளினால் நகராத கனத்தில் ஒன்று கிடைத்தது. அதில் உட்கார்ந்து எழுந்தபோது யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அதையே எடுத்தோம். சக்கர நாற்காலி உள்ளே நுழைகிற மாதிரி உயரமான மேசை, குனியாமல் எடுக்கிற மாதிரி அலமாரி. எல்லாவற்றுக்கும் சுப்பராயன் தலையை ஆட்டினார்.

பில் போடும் இடத்தில்தான் நின்றுவிட்டார். கல்லாவில் ஒரு பெண் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குச் சாய்வு, கால் வைக்கக் கீழே ஒரு வளையம். உட்கார்ந்திருந்தாலும் நிற்கிற ஆளின் உயரம்தான் இருந்தாள். ரெண்டு கையும் மேசை மேல் சுளுவாக ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த ஸ்டூலு எவ்ளோ ஒயரம்மா?”

“இது விக்கறதுக்கு இல்ல தாத்தா, நான் குந்திகினு கீறேன்.”

“இத்த மாரி ஒண்ணு.”

உள்ளேயிருந்து புதிதாக ஒன்று எடுத்து வந்தார்கள். அவர் அதன் பக்கத்தில் நின்று, ஏதோ ஒரு மேடை இருப்பது மாதிரி காற்றில் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். “கோமளா, ஏறிப் பாரு.”

ஏறவே வேண்டியிருக்கவில்லை. நின்றபடி சாய்ந்தால் போதும், அதுவே தாங்கிக்கொண்டது. எழும்போதும் எதையும் பிடிக்க வேண்டாம், காலை ஊன்றினால் நின்றுவிடலாம். முட்டி மடங்கவே இல்லை.

“யாருக்குய்யா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“அடுப்பாண்ட போட்டுக்கட்டும்.” ஸ்டூலின் சாய்வைத் துடைத்தார், அதில் தூசி இல்லை. “ஊரயே குந்த வெச்சேன் கோமளா. அவ குந்தி நான் பாத்தது அன்னிக்கி ஒரு நாளு. அதுலயும் அவளால ஏந்திரிக்க முடியல.”

“அங்க குந்த வெச்சிட்டா அப்புறம் இங்க வரமாட்டாளே.”

“தெரியும்,” என்றார்.

வேப்பம்பட்டு விலாசத்தைக் கடைக்காரனிடம் சொன்னார். மூன்றாவது மாடி, லிப்ட் வேலை செய்யாவிட்டால் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வாசலோடு வைத்துவிட்டு வரக் கூடாது, சமையலறை வரைக்கும் போய் வைக்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார். யார் அனுப்பினதாகச் சொல்வது என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றும் சொல்ல வேண்டாம், சாயங்காலம் நானே போனில் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மகன் கைச்செலவுக்குக் கொடுப்பதை அவர் பனியனுக்குள் சுருட்டி வைத்திருந்தார். கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட பேரம் பேசுகிற மனுஷன், அந்தப் பெண் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். ரெண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.